படம் நின்ற இடமும் பழுது இருந்த இடமும்



"டெக்னிக்கலா ஏதாவது எழுது. ஆனா சிவில்காரனுக்கும் புரியணும்" என்று மலர்க் குழுவினர் உத்தரவு போட்டுவிட்டார்கள். எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. 2022-ஆம் வருஷச் சந்திப்பில் நேரடி ஒளிபரப்பு ஏன் சொதப்பியது என்று என்னைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "நெட் பிராப்ளம்" என்று இரண்டே வார்த்தையில் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். முதல் ஒரு வாரம் அதை நானும் நம்பினேன். அதற்குப் பிறகு உண்மை தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான கணக்கு ஒப்படைப்பு. கூடவே, இது போன்ற கோளாறுகளை உலகத்தில் யார், எப்போது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற நாற்பது வருஷச் சரித்திரமும். சரித்திரம் தெரிந்திருந்தால் அன்று நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

அன்று மாலை நடந்தது

எலெக்ட்ரானிக்ஸ் துறையில் முப்பது வருஷத்துக்கும் மேல் பாடம் நடத்திய நம் பேராசிரியருக்குப் பாராட்டு. உடம்பு முடியாத நிலையிலும் காரில் அழைத்து வந்திருந்தார்கள். நேரில் வர முடியாத மாணவர்கள் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒளிபரப்புப் பொறுப்பு என்னுடையது. ஒரு கேமரா, ஒரு லேப்டாப், கல்லூரியின் இன்டர்நெட் வயர். காலையில் ஐந்து நிமிஷம் சோதித்துப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி வந்தது.

மாலையில் சார் பேச ஆரம்பித்த சில நிமிஷங்களில் மஸ்கட் நண்பனிடமிருந்து வாட்ஸ்அப்: "படம் திக்குதுடா. குரல் வருது." பக்கத்தில் உதவிக்கு நின்ற இரண்டாம் வருஷ மாணவி சொன்னாள்: "அண்ணா, சி.பி.யு. நூறுலயே நிக்குது பாருங்க." நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதை விடும்மா, நெட்டைப் பாரு" என்றேன். ஒளிபரப்பை நிறுத்தினேன். அனுப்பும் வேகத்தை விநாடிக்கு 4,500 கிலோபிட்டிலிருந்து 2,500-ஆகக் குறைத்து மறுபடி தொடங்கினேன். பலன் இல்லை. திரும்பவும் நிறுத்தி, கல்லூரி வயரைப் பிடுங்கிவிட்டு என் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினேன். எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியபோது சார் பேசி முடித்து உட்கார்ந்துவிட்டார்.

மறு வருஷம் அவர் காலமானார். நம் கல்லூரி மேடையில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. முழுதாக அது எங்குமே இல்லை.

நானூறு கஜ தூரம்

சரித்திரத்தை ஒரு சின்னக் கருவியிலிருந்து தொடங்குவோம். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்ற புரோகிராமை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட அனுப்பும் சோனார் ஒலியிலிருந்து வந்த பெயர். எதிர்முனைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று சொல்லும். செய்வது அவ்வளவுதான். ஆனால் "ஸ்லோவா இருக்கு" என்ற புலம்பலுக்கு முதல் தடவையாகச் சாதாரண ஆள் கையிலும் ஒரு எண் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து, 1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் மலைச்சரிவில் இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகம் அதன் கீழேயே. இரண்டுக்கும் நடுவே 400 கஜம். நம் மெயின் கேட்டிலிருந்து கேன்டீனுக்கு நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டுக்கும் இடையில் விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த தகவல், திடீரென்று விநாடிக்கு 40 பிட்டாக விழுந்தது. எண்ணூறில் ஒரு பங்கு! விநாடிக்கு ஐந்தே ஐந்து எழுத்து. தாளில் எழுதி நடந்துபோய்க் கொடுத்துவிட்டே வந்திருக்கலாம்.

வயர் அறுபட்டதா? இல்லை. மெஷின் பழுதா? அதுவும் இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சாம்பார் கேட்கிறார், வரத் தாமதமாகிறது. கேட்கவில்லையோ என்று மறுபடி கத்துகிறார். எல்லா மேஜையிலும் எல்லாரும் மறுபடி மறுபடி கத்துகிறார்கள். பரிமாறுகிறவர் ஒரே மேஜைக்கு நான்கு தடவை ஊற்றுகிறார். மற்ற மேஜைகள் காய்கின்றன. அங்கேயும் அதுவேதான். பதில் வராத பாக்கெட்டைத் தொலைந்துபோனதாக நினைத்து எல்லாக் கம்ப்யூட்டர்களும் திரும்பத் திரும்ப அனுப்பின. பாதை முழுவதும் ஒரே பாக்கெட்டின் நகல்கள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் குழுவில் இருந்த மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து இதைப் பிரித்துப் பார்த்தார். 1988-ல் இருவர் பெயரிலும் வந்த கட்டுரை நெட்வொர்க் படிக்கிறவர்களுக்கு இன்றும் பால பாடம். அவர்கள் வயரைத் தொடவில்லை. அனுப்புகிற கம்ப்யூட்டரின் நடத்தையைத் திருத்தினார்கள். ஆரம்பத்தில் கொஞ்சமாக அனுப்பு. பதில் வர வர இரட்டிப்பாக்கு. பாக்கெட் தொலைந்தால் பாதையில் கூட்டம் என்று புரிந்துகொண்டு பின்வாங்கு. இன்டர்நெட் அன்று மூச்சுத் திணறி நின்றுபோகாமல் பிழைத்தது இந்த மூன்று பழக்கத்தால்.

அதே காலத்தில் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு கருவிகளும் வந்தன. பாக்கெட் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது, எந்த இடத்தில் தாமதம் என்று காட்டும் 'டிரேஸ்ரூட்' ஜேக்கப்சன் எழுதியது. வயரில் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்க்க உதவும் 'டி.சி.பி. டம்ப்' அவரும் கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோரும் சேர்ந்து எழுதியது. ஊகிக்காமல் பார்ப்பதற்குத் தேவையானதைத் தாங்களே செய்துகொண்டார்கள். நண்பர்களே, இந்த ஜேக்கப்சன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வருவார்.

குரல் வந்தது, படம் வந்தது

1992 மார்ச்சில் சான் டியாகோ நகரில் இன்டர்நெட் பொறியாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அதன் பேச்சொலி, இன்டர்நெட் வழியாக மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரடியாகப் போனது. 'எம்போன்' என்று பெயர் பெற்ற ஏற்பாட்டின் தொடக்கம் அது. ஒரே நகலை அனுப்பி, பாதை பிரிகிற இடத்தில் மட்டும் பிரதி எடுப்பது அதன் உத்தி. அடுத்த வருஷம், 1993 ஜூன் 24-ல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்திலிருந்து 'சிவியர் டயர் டேமேஜ்' என்ற இசைக்குழு வாசித்தது நேரடியாகப் போனது. இன்டர்நெட்டில் நேரடியாக வாசித்த முதல் இசைக்குழு என்று அதைச் சொல்வார்கள். வாசித்தவர்கள் பக்கா கம்ப்யூட்டர்காரர்கள்! 1994 நவம்பர் 18-ல் புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழு டல்லாஸ் நகரிலிருந்து இதே வழியில் வந்தபோது, இந்த ஆசாமிகள் அழைப்பில்லாமலே முன்னதாக நுழைந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைய படம் எப்படி இருந்திருக்கும்? எம்போனில் வீடியோவுக்குச் சாதாரணமாக விநாடிக்கு 128 கிலோபிட் ஒதுக்குவார்கள். அதில் விநாடிக்கு ஒன்றிலிருந்து நான்கு படம் வரும். தபால் அட்டையை ஒவ்வொன்றாகப் புரட்டுவது போலத்தான்.

இங்கே ஒரு புதுச் சிக்கல். ஃபைல் அனுப்பும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். நேரடிப் பேச்சில் அது நடக்காது. தாமதமாக வரும் சொல் வராத சொல்லுக்குச் சமம். எனவே என்ன தொலைந்தது, எவ்வளவு தாமதம், அந்தத் தாமதம் எவ்வளவு ஆடுகிறது என்பதை ஓடும்போதே அளந்தாக வேண்டும். எம்போனில் குரலுக்கு 'வாட்', படத்துக்கு 'விக்' என்ற புரோகிராம்களை ஜேக்கப்சனும் மெக்கேனும் எழுதினார்கள். பாக்கெட்டுகள் வரும் இடைவெளி எவ்வளவு ஆடுகிறதோ, அதற்கேற்ப 'வாட்' தன் காத்திருப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். 1996 ஜனவரியில் இந்த அனுபவமெல்லாம் ஆர்.டி.பி. என்ற பொது விதிமுறையாக வெளிவந்தது. எழுதிய நால்வரில் ஜேக்கப்சன் ஒருவர். கேட்கிறவர் பக்கத்திலிருந்து அனுப்புகிறவருக்கு, "இத்தனை தொலைந்தது, ஆட்டம் இவ்வளவு" என்று அவ்வப்போது அறிக்கை போக வேண்டும் என்பதே அதில் உண்டு. அதாவது, அன்று மஸ்கட் நண்பன் எனக்கு அனுப்பிய செய்தியை 1996-லேயே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. "குரல் வருது" என்ற பாதியை விட்டுவிட்டேன்.

சுற்றுகிற சக்கரம்

நம் சீனியர்களுக்கு நினைவிருக்கும்: 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது. அதே வருஷம் ஏப்ரலில், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து ராப் கிளேசரின் நிறுவனம் 'ரியல் ஆடியோ'வை வெளியிட்டது. 14.4 கிலோபிட் மோடத்தில் ஓடும்படி செய்தது. செப்டம்பர் 5-ல் சியாட்டில், நியூயார்க் அணிகளின் பேஸ்பால் ஆட்ட வர்ணனை அதில் நேரடியாக ஒலித்தது. முதலில் சில விநாடிக்கான ஒலியைச் சேர்த்து வைத்துக்கொள்வது, பிறகு ஓட்டுவது. நடுவில் வரத்து குறைந்தால் சேமிப்பு ஈடுகட்டும். சேமிப்பும் தீர்ந்தால் நின்று மறுபடி சேர்க்கும். 'பஃபரிங்' என்ற சொல் வீட்டுச் சொல்லானது இப்படித்தான்.

2009-ல் ஆப்பிள் நிறுவனம் எச்.எல்.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது. நேரடிப் படத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, சாதாரண வெப் பக்கம் போலவே அனுப்புவது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். பார்க்கிறவரின் போன், தன் வரத்தைப் பார்த்துத் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் ஒரு துண்டு 10 விநாடி. மூன்று துண்டு கையில் வந்த பிறகு ஓட்டினால் அரை நிமிஷம் பின்தங்கும். பக்கத்து வீட்டு டி.வி.யில் சிக்ஸர் அடித்துக் கூச்சல் கேட்ட பிறகு நம் போனில் பௌலர் ஓடி வருகிறாரே, அதற்குக் காரணம் இதுதான்.

இந்த முறையால் கோடிக்கணக்கானவர்களுக்கு அனுப்ப முடிந்தது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் பார்த்தவர்கள் 2.53 கோடி; 2023 நவம்பர் 19 இறுதி ஆட்டத்தில் 5.9 கோடி. ஆனால் கோளாறு பார்க்கிறவனுக்கு ஒரு கஷ்டமும் வந்தது. முன்பு வரத்து குறைந்தால் படம் நிற்கும். இப்போது படம் மங்கும்; பிறகு தெளியும். நோய் இருக்கிறது, காய்ச்சல் தெரிவதில்லை.

தொட்டி பெரிதானால்

2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அனுபவசாலி தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வீட்டு இன்டர்நெட் முழுவதும் சேற்றில் மாட்டிய மாட்டு வண்டியாகிவிட்டது. பிங் போட்டுப் பார்த்தார். பத்து, இருபது மில்லி விநாடியில் வர வேண்டிய பதில், ஒரு விநாடிக்கும் மேல் எடுத்தது.  பின்னே தாமதம் எங்கிருந்து வந்தது?

மெமரி மலிவாகிவிட்டதால் மோடம், ரூட்டர் செய்கிறவர்கள் தாராளமாகப் பெரிய பஃபர் வைத்துவிட்டார்கள். மெஸ் வாசலில் "இடமில்லை" என்று சொன்னால் பையன்கள் திரும்பிப்போய் அப்புறம் வருவார்கள். வாசலுக்கு உள்ளே நீளமான வராந்தா கட்டி எல்லாரையும் அதில் நிற்க வைத்தால்? யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை. ஆனால் கடைசி ஆளுக்குச் சாப்பாடு மூன்று மணிக்கு. 1988-ல் எழுதிய விதி, பாக்கெட் தொலைவதைத்தான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டது. பெரிய பஃபர் அந்த எச்சரிக்கையையே அமுக்கிவிட்டது. இதற்கு 'பஃபர் வீக்கம்' என்று பொருள்படும் பெயரை கெட்டிஸ் வைத்தார்.

மருந்து கொடுத்தவர் யார் தெரியுமா? மறுபடியும் ஜேக்கப்சன்! கேத்லீன் நிக்கல்ஸுடன் சேர்ந்து 2012-ல் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும். நிற்கிற நேரம் தொடர்ந்து 5 மில்லி விநாடிக்கு மேலேயே இருந்தால் சிலவற்றைத் தள்ளிவிட்டு எச்சரிக்கும். 2016-ல் கூகிளில் அவரும் சகாக்களும் வெளியிட்ட பி.பி.ஆர்., தொலைவதை நம்பாமல், பாதையின் உண்மையான கொள்ளளவையும் தாமதத்தையும் அளந்து அதன்படி அனுப்பியது. தான் 28 வருஷம் முன்பு எழுதிய விதியின் குறையைத் தானே அளந்து, மாற்று வழியும் கொடுத்தார். நான் நான்கு வருஷத்துப் பொய்யைத் திருத்தவே இவ்வளவு யோசித்தேன்.

மூன்று கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் பாதையின் கதை. ஆனால் பாதைக்கு வருவதற்கு முன்பே படம் கெட்டுவிடலாம். அனுப்பும் லேப்டாப்புக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

2012-ல் ஹியூ பெய்லி என்பவர் ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். (அரசியல் செய்தி என்று யாரும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம், மென்பொருளின் பெயரே அதுதான்.) இன்று கோயில் கும்பாபிஷேகம் முதல் கல்லூரி விழா வரை நேரடியாக அனுப்புகிற பலரின் கையில் இருப்பது அது. அதன் புள்ளிவிவரப் பெட்டியில் மூன்று தனித்தனிக் கணக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒன்று: படத்தைக் கோர்ப்பதில் தவறியவை. கேமராப் படம், கீழே ஓடும் எழுத்து, மூலையில் கல்லூரிச் சின்னம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாக்குவது கிராஃபிக்ஸ் பகுதியின் வேலை. அது தடுமாறினால் இந்த எண் ஏறும்.

இரண்டு: சுருக்குவதில் விட்டுப்போனவை. 1920-க்கு 1080 புள்ளி, விநாடிக்கு 30 படம். சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 75 கோடி பிட். நாம் அனுப்புவதோ 45 லட்சம். நூற்று அறுபது மடங்குக்கும் மேல் சுருக்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 33 மில்லி விநாடி. அதற்குள் முடியாவிட்டால் அடுத்த படத்தை விட்டுவிடும். இந்த எண் ஏறினால் குற்றவாளி சி.பி.யு. அல்லது நாம் அதற்குக் கொடுத்த வேலை.

மூன்று: நெட்வொர்க்கில் கைவிடப்பட்டவை. தயாரான படத்தை லைன் ஏற்காதபோதுதான் இந்த எண் ஏறும்.

பார்க்கிறவர் கண்ணுக்கு மூன்றுமே ஒன்றுதான்: படம் திக்குகிறது. மருந்து மூன்றுக்கும் வேறு. 1986-ல் நானூறு கஜ தூரத்துக்கு இடையே இல்லாத வசதி, என் மூக்குக்கு முன்னால் ஒரு மெனு தூரத்தில் இருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை.

என் லேப்டாப்பில் நடந்தது

விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, சாரின் பேச்சை யூடியூபில் போட லேப்டாப்பில் இருந்த பதிவைத் திறந்தேன். அதிலும் படம் திக்கியது. சில விநாடி கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இந்தப் பதிவு என் ஹார்ட் டிஸ்கில் எழுதப்பட்டது. இன்டர்நெட் பக்கமே போகாதது. அது எப்படித் திக்கும்?

அன்றைய பதிவேட்டைத் திறந்து படித்தேன். நெட்வொர்க்கில் கைவிடப்பட்ட படம்: கல்லூரி வயரில் இருந்தவரை ஒன்றுகூட இல்லை. சுருக்குவதில் விட்டுப்போனது: ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஒளிபரப்புக்கு எந்தச் சுருக்கமோ அதே சுருக்கத்தைத்தான் பதிவுக்கும் வைத்திருந்தேன். அதனால் இரண்டும் ஒரே மாதிரி கெட்டன.

காரணம் இரண்டு. படம் இன்னும் அழகாக வரட்டுமே என்று மதியம் சுருக்கும் வேலையை 'வெரி ஃபாஸ்ட்' என்ற நிலையிலிருந்து 'மீடியம்' நிலைக்கு மாற்றியிருந்தேன். சி.பி.யு.வுக்கு வேலை பல மடங்கு. மாற்றிய பிறகு சோதிக்கவில்லை. இரண்டாவது, அலங்காரக் குழுவினர் மேஜையில் விரித்த சிவப்பு வெல்வெட் துணி. லேப்டாப்பின் அடியில் காற்று போகும் துளைகள் அதில் அடைபட்டன. மேலே மேடை விளக்கு. சூடு ஏறினால் சி.பி.யு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சூடேறச் சற்று நேரமாகும். அதனால்தான் முதலில் நன்றாக ஓடி, சார் பேசும்போது திக்கியது.

அனுப்பும் வேகத்தைக் குறைத்தது ஏன் பலிக்கவில்லை? வெளியே போகும் பிட்டின் அளவு குறையுமே தவிர, சுருக்க வேண்டிய புள்ளிகள் அப்படியே இருக்கும். படத்தை 1280-க்கு 720 ஆகக் குறைத்திருந்தால் புள்ளிகள் பாதிக்கும் கீழே போயிருக்கும். நிலையைப் பழையபடி 'வெரி ஃபாஸ்ட்' ஆக்கியிருக்கலாம். துணியை மடித்துவிட்டிருந்தாலே ஓரளவு போதும்! ஒரு இரண்டாம் வருஷ மாணவி அதைக் கையைக் காட்டிச் சொன்னாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதுதான் மனசை உறுத்துவது. படம் திக்கினாலும் குரல் கடைசிவரை போய்க்கொண்டுதான் இருந்தது. மஸ்கட்காரன் அதைத்தான் எழுதியிருந்தான். நான் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், திக்கும் படத்தோடு சாரின் பேச்சு முழுதாகக் கிடைத்திருக்கும். அமைப்பை மாற்றுவதற்காக ஒளிபரப்பையும் பதிவையும் இரண்டு தடவை நிறுத்தினேன் பாருங்கள், அப்போதுதான் பேச்சு அறுந்தது. பழுது கெடுத்தது படத்தை. பேச்சைக் கெடுத்தது என் வைத்தியம்.

இந்த வருஷம்

சந்திப்பின் ஒளிபரப்பை இந்தத் தடவை மாணவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அன்று "சி.பி.யு. நூறுல நிக்குது" என்று சொன்ன அந்தத் தங்கை இப்போது நம்மைப் போல் முன்னாள் மாணவி, அவளிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்லண்ணா, துணியை மட்டும் மறந்துடாதீங்க" என்றாள். மாணவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது சில வரிகள்தான். விழா எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், அதே மேஜையில், அதே விளக்கின் கீழ் சோதியுங்கள். சோதித்த பிறகு எதையும் மாற்றாதீர்கள். ஒளிபரப்புக்குத் தனி லைன் வையுங்கள். விருந்தினர் எல்லாரும் போட்டோ ஏற்றும் அதே வை-ஃபையில் போனால் கெட்டிஸ் வீட்டுக் கதைதான். மூன்று கணக்கும் திரையில் எப்போதும் திறந்திருக்கட்டும். எது ஏறுகிறது என்று பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். எதைத் தொட்டாலும் குரலை நிறுத்தாதீர்கள். குரலுக்குத் தனியாக ஒரு சின்ன ரெக்கார்டர் மேடையில் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2022-ல் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் செல்போனில் சாரின் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அரை நிமிஷமோ, ஒரு நிமிஷமோ, ஆடிய படமோ, எதுவானாலும் சரி, தயவுசெய்து தேடிப் பாருங்கள். கிடைத்தால் இந்தச் சந்திப்பில் சங்க மேஜையில் கொடுங்கள். என்னிடம் இருக்கும் பதிவில் இரண்டு இடைவெளிகள். முதலாவது சுமார் இரண்டு நிமிஷம். அடுத்தது ஏழு நிமிஷம். உங்கள் துண்டுகளை வைத்து அதை ஒட்டிவிட முடியும் என்று நம்புகிறேன். படம் முக்கியமில்லை. குரல் இருந்தால் போதும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!